பேசாலைக் கரையில் எஞ்சின் பார்த்துத் தந்த அண்ணாவுக்கு

பெயர் சொல்லாமலே போய்விட்டீர்கள் அண்ணா, அதனால் இங்கே நன்றி சொல்கிறேன். எங்கள் படகு எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் நூல் மாதிரித்தான் வெளியே வந்துகொண்டிருந்தது. பம்ப் போய்விட்டது என்றே எல்லோரும் சொன்னார்கள். நீங்கள் முதலில் ஒரு தங்கூசித் துண்டை (நைலான் மீன்பிடி நூல்) அந்தத் தண்ணீர் வெளியே வரும் சின்னத் துவாரத்துக்குள் விட்டுப் பார்த்தீர்கள். துவாரம் மட்டும் அடைத்திருந்தால் பம்ப்பைக் கழற்றவே தேவையில்லை என்றீர்கள். கொஞ்சம் மணலும் உப்பும் வந்தன, ஆனால் ஓட்டம் கூடவில்லை.

பிறகுதான் கீழ்ப்பகுதியைக் கழற்றினீர்கள். பம்ப்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரின் ரப்பர் இதழ் ஒன்று முறிந்திருந்தது. புதியதை மாட்டிவிட்டு அத்தோடு முடித்திருக்கலாம். நீங்களோ முறிந்த துண்டு எங்கே என்று விடாமல் தேடினீர்கள். தண்ணீர் மேலே ஏறும் குழாயில் அது சிக்கிக் கிடந்தது! அதை எடுக்காமல் விட்டிருந்தால் புது இம்பெல்லர் போட்டும் எஞ்சின் நடுக்கடலில் சூடேறி நின்றிருக்கும்.

கூலியும் வாங்கவில்லை, தேத்தண்ணி மட்டும் குடித்தீர்கள். கடலால் வந்ததும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவச் சொன்னீர்களே, தம்பி அதைத் தவறாமல் செய்கிறான். இந்தப் பக்கம் வந்தால் எங்கள் வாடிக்குக் கட்டாயம் வாருங்கள் அண்ணா, அம்மாவும் உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறா.