42 அடி வேண்டாம்மா, 32 அடி பாரு

எம்மா,

வாங்கலாம்னு நீ வாட்ஸ்அப்ல அனுப்புன பாய்மர போட் லிங்க் எல்லாத்தையும் பாத்தேன், போட்டோவ பெருசு பண்ணி பண்ணி பாத்தேன், அம்மா வேற பின்னாடி நின்னுக்கிட்டு "நம்ம வீட்ட விட வசதியா இருக்கே"ன்னு சொல்றா, எனக்கு பிரச்சனையே அதான். மூணு கேபின், ரெண்டு பாத்ரூம், பின்னாடி டபுள் பெட், போறது ரெண்டு பேரு. சவுத்தாம்ப்டன்ல மெரினால கட்டிப் போட்டு சனி ஞாயிறு தங்கிட்டு வர்றதுக்கு அந்த 42 அடி நல்ல போட் தான், குறை சொல்லல. நீங்க அட்லாண்டிக் தாண்டறதுக்குல்ல வாங்குறீங்க, கேனரி தீவுல இருந்து செயின்ட் லூசியா 2,700 நாட்டிக்கல் மைல்.

ரெண்டு பேரு போனா நடுக்கடல்ல எப்பவும் ஒருத்தர் தான் முழிச்சிருப்பாங்க. மாப்ள இப்பதான் படுத்திருப்பாரு, ராத்திரி மூணு மணி, திடீர்னு காத்து ஏறுது, அவரை எழுப்பாம நீ ஒருத்தியே பாயை குறைக்க முடியணும். போட்ட பாத்ததும் நீ கேக்க வேண்டிய மொத கேள்வி இது தான், மத்ததெல்லாம் அப்புறம். 42 அடில பாயோட கனமும் இழுவையும் வேற, கயிறு சிக்கிக்கிச்சுன்னா கையால இழுத்து சரி பண்ற கதையே கிடையாது, கயிற சுத்தி இழுக்குற எலெக்ட்ரிக் வின்ச் வேணும், அதுக்கு பேட்டரி, அதுக்கு சார்ஜிங்னு வேலை போயிக்கிட்டே இருக்கும்.

32 அடி போட்னா ஸ்பீடு குறையுமேன்னு மாப்ள சொன்னாராம். வாஸ்தவம் தான். தண்ணில படுற நீளம் 24 அடி இருந்தா மணிக்கு ஆறரை நாட்டிக்கல் மைலுக்கு மேல அந்த போட் போகாது, ஒரு நாளைக்கு 110 மைல் போனா பெருசு, அப்போ 24, 25 நாள் ஆகும். பெரிய போட் 150 போனா 18 நாள். ஒரு வாரம் லேட்டா போய் சேந்தா என்ன இப்போ, யாரு காத்துக்கிட்டு இருக்கா அங்க?

சின்னது தாங்குமான்னு அம்மா கேக்குறா. ராபின் நாக்ஸ் ஜான்ஸ்டன் 1968-69ல எங்கயும் நிக்காம தனியா உலகத்தையே சுத்துன சுஹைலி 32 அடி தான், அதுவும் பம்பாய்ல தேக்குல கட்டுனது. நம்ம நேவி அபிலாஷ் டோமி தனியா உலகத்த சுத்துற கோல்டன் குளோப் ரேஸ்ல 2018ல பாய்மரம் ஒடிஞ்சு முதுகெலும்பு போயி, திரும்பவும் அதே ரேஸுக்கு போயி 2023ல ரெண்டாவதா வந்தாரே, அது ரஸ்ட்லர் 36ன்ற 36 அடி போட். உங்க பக்கத்துலயே லிமிங்டன்ல கட்டுன கான்டெஸா 32ன்ற 32 அடி போட் இருக்கு, மொத்த எடை 4.3 டன், அதுல கிட்டத்தட்ட பாதி அடித்தண்டுல, அதாவது ஏராவுல. 1979 ஃபாஸ்ட்நெட் ரேஸ்ல புயல் அடிச்சு 15 பேரு செத்தாங்க, 303 போட் கிளம்புனதுல 85 தான் முடிச்சுது, ஆகச் சின்ன கிளாஸ்ல முடிச்ச ஒரே போட் ஒரு கான்டெஸா 32. உள்ள இடம் குறுகல் தான், அத மறைக்க மாட்டேன், தண்ணி மட்டுமே ஒரு ஆளுக்கு நாளைக்கு மூணு லிட்டர்னு வச்சு முப்பது நாளைக்கு ரெண்டு பேருக்கு 180 லிட்டர், அப்புறம் சாப்பாடு, கேஸ், ஸ்பேர் எல்லாம் ஏத்துனா போட் அமுங்கி தான் போகும். துணிமணிய கொறைச்சுக்கோ.

நான் பாத்தது எல்லாம் பெரிய கப்பல் இன்ஜின் ரூம், பாய் ஓட்டுறது உங்க வேலை. ஆனா டீசலும் பித்தளையும் இரும்பும் எந்த சைஸ்லயும் ஒரே மாதிரி தான் கெட்டுப்போகும். அதனால இத கேளு. ஓனர்கிட்ட முன்னாடியே சொல்லிடு, நாங்க வர்றதுக்கு முன்னாடி இன்ஜின ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு. போனதும் இன்ஜின் மேல கை வச்சுப் பாரு, சூடா இருந்தா ஏதோ மறைக்கிறாருன்னு வச்சுக்கோ. அப்புறம் ஸ்டார்ட் பண்ணச் சொல்லி புகைய பாரு, நீல புகைன்னா ஆயில் எரியுது, வெள்ளை புகை சூடான பிறகும் நிக்கலைன்னா சரியில்ல. அப்புறம் அடியில கடல் தண்ணி போற ஓட்டைய மூடுற சீகாக் வால்வு ஒவ்வொண்ணையும் கத்தி நுனியால லேசா சுரண்டு, ஓனர்கிட்ட கேட்டுட்டு தான், உள்ள மஞ்சளா மின்னுனா ஓகே, ரோஸ் கலரா தெரிஞ்சா பித்தளைல இருந்த துத்தநாகம் அரிச்சுப் போயிடுச்சுன்னு அர்த்தம், மிச்சம் இருக்குறது பொறுபொறுன்னு வெறும் செம்பு, தட்டுனா கையோட வந்துரும், அந்த ஓட்டை தண்ணி மட்டத்துக்கு கீழ இருக்குன்றத மறந்துடாத.

பாய்மரத்த புடிச்சிருக்குற கம்பி எந்த வருஷம் மாத்துனதுன்னு பில்லோட கேளு, வாய்வார்த்தை வேண்டாம். பத்து வருஷம் தாண்டியிருந்தா மாத்துற செலவ விலையில கழிச்சிடு. அந்த கம்பி டெக்குக்கு கீழ வந்து மாட்டுற செயின்பிளேட், அத மரப்பலகை வச்சு அழகா மூடியிருப்பாங்க, கழட்டிப் பாக்க விடலன்னா அந்த போட் வேண்டாம்.

சுக்கான் விஷயம். 2020ல இருந்து ஸ்பெயின் போர்ச்சுகல் கரைல ஓர்கா திமிங்கலக் கூட்டம் வந்து சுக்கான முட்டி உடைக்குது, உங்க ரூட்டே அது தான். எதுவும் கேரன்டி இல்ல, இருந்தாலும் தனியா தொங்குற சுக்கான விட முன்னாடி ஸ்கெக்னு அடியில இருந்து நீட்டிக்கிட்டு இருக்குற துண்டு தாங்குற சுக்கான் எனக்கு மனசுக்கு தெம்பா இருக்கு. பின்பக்கம் விண்ட்வேன் மாட்ட இடம் இருக்கான்னும் பாரு, கரண்ட் இல்லாம காத்துலயே சுக்கான் புடிக்குற ஆளு அது, சோறும் கேக்காது.

காசு பத்தி ஒரே வார்த்தை. வச்சிருக்குறதுல பாதிக்கு மேல போட் விலைக்கு குடுக்காத, மிச்சம் ரிப்பேர்ல போயிடும், பழைய போட்னா அப்படித்தான். மெரினால மீட்டர் கணக்குல வாடகை வாங்குவாங்க, அதுலயும் சின்னது லாபம்.

பிஸ்கே வளைகுடாவ ஆகஸ்ட்லயே தாண்டிடணும், கேனரில இருந்து நவம்பர் கடைசிக்கு முன்னாடி கிளம்பக்கூடாது, ஹரிக்கேன் சீசன் முடியட்டும். அப்போ வாங்கி ரெடி பண்ண டைம் பத்தலன்னா அடுத்த வருஷம் போங்க, கடல் எங்கயும் போயிடாது.

போட்ட செக் பண்ணி ரிப்போர்ட் குடுக்குற சர்வேயர நீயே புடி, புரோக்கர் சொல்ற ஆள் வேண்டாம், போட்ட தண்ணில இருந்து தூக்கி அடிய பாத்து தான் ரிப்போர்ட் எழுதணும். ரிப்போர்ட் வந்ததும் எனக்கு அனுப்பு, அட்வான்ஸ் அதுக்கப்புறம் குடு. செயின்பிளேட் போட்டோ டார்ச் அடிச்சு எடு, போன தடவ அனுப்புனது ஒண்ணும் தெரியல.

அப்பா