தெப்பக்குளத்துப் பூக்கார அக்காவுக்கும் மற்ற எல்லாருக்கும்

வணக்கம்.

புதன்கிழமை ராத்திரி, மறதி நோயுள்ள என் அம்மா வீட்டை விட்டுக் கிளம்பிக் காணாமல் போனது உங்களுக்கெல்லாம் தெரியும். பாதிப் பேர் என்னோடு தெருத்தெருவாக அலைந்தவர்கள்தான். அதனால் திரும்பச் சொல்லவில்லை. சொல்லும் தெம்பும் இன்னும் வரவில்லை. அம்மா நன்றாக இருக்கிறாள், முழங்காலில் ஒரு சிராய்ப்பு மட்டும். கேட்டைப் பூட்டாமல் விட்டது நான்தான். வீட்டு வேலைக்கு வரும் பெண்ணை யாரும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம்.

முதலில் மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் போட்டோவைப் பரப்பிய என் பழைய மாணவர்கள், பைக்கில் கோரிப்பாளையம் வரைக்கும் போய்ப் பார்த்த தம்பிகள், புகாரை எழுதி வாங்கும் முன்பே ரோந்து வண்டிக்குத் தகவல் சொன்ன ஏட்டய்யா, அம்மா தானாகத் திரும்பி வந்தால் ஆள் வேண்டுமே என்று என் வாசலை விட்டு நகராத எதிர்வீட்டு மதினி, எல்லாருக்கும் நன்றி. விட்டுப்போனவர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இனி பூக்கார அக்காவுக்கு. (என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். ஆனாலும் அக்கா என்றுதான் வாயில் வருகிறது.)

அம்மா உங்களிடம் வந்து, “திருமங்கலம் பஸ் எப்ப வரும்?” என்று கேட்டிருக்கிறாள். அவள் திருமங்கலத்தை விட்டு வந்து அறுபது வருடம் ஆகிறது. ஊர் எது, வீடு எது, யார் பெற்ற பிள்ளை என்று நீங்கள் எதையும் கேட்கவில்லை. “வரும் ஆத்தா, உக்காருங்க. அதுக்குள்ள ரெண்டு முழம் கட்டிரலாம்” என்று சொல்லி, ஈரத்துணியை விலக்கி, உதிரி மல்லியையும் நனைத்த வாழைநாரையும் அவள் பக்கம் தள்ளிவிட்டீர்கள். பையனை விட்டுத் தெருவில் விசாரிக்கச் சொன்னதெல்லாம் அப்புறம்தான்.

நான் வந்தபோது மணி பத்தரை. தூங்காநகரம் என்று சும்மாவா சொன்னார்கள், உங்கள் கடையில் அப்போதும் வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. அம்மா குனிந்த தலை நிமிரவில்லை. இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு மொட்டு, நாரில் ஒரு சுற்று, ஒரு இழுப்பு. காம்பு ஒன்றுகூடப் பிசகவில்லை. காலையில் என் பெயர் வராமல் தவித்த அம்மா அது.

நான் முப்பது வருடம் உளவியல் சொல்லிக்கொடுத்தவள், ஆராய்ச்சி முழுக்க ஆல்சைமர் என்கிற மறதி நோய்தான். மறதியைக் கண்டுபிடிக்க, 1975இல் அமெரிக்காவில் வந்த ஒரு பரிசோதனையைத்தான் உலகம் முழுக்கப் பயன்படுத்தினார்கள். முப்பது மார்க். என்ன வருஷம், என்ன கிழமை, நூறிலிருந்து ஏழேழாகக் கழி, இந்த ஐங்கோணங்களைப் பார்த்து வரை. பள்ளிக்கூடம் போகாத கிழவி இதில் தோற்றால் அது நோயா, பேனா பிடிக்காத கையா? 1998இல் கொச்சியில் தொடங்கிய ஆராய்ச்சிக் குழு தனக்கு 10/66 என்றே பெயர் வைத்துக்கொண்டது. மறதி நோயாளிகளில் 66 சதவீதம் பேர் நம்மைப் போன்ற நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் 10 சதவீதம்கூட அவர்களைப் பற்றி இல்லை என்ற கோபம் அது. சென்னையிலும் வேலூரிலும் அவர்கள் செய்த வேலையைப் படித்துத்தான் நானும், எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் தமிழில் என்ன கேட்கலாம் என்று தேட ஆரம்பித்தேன். நல்ல கேள்விகள் சேர்த்தேன் என்றுதான் நினைத்திருந்தேன். பூக்கட்டுவது அதில் இல்லை.

கையின் ஞாபகம் வேறு என்பது எனக்குத் தெரியாததில்லை. மூளையில் அறுவை சிகிச்சைக்குப் பிறகு புதிதாக எதையும் நினைவில் வைக்க முடியாமல் போன, ஹெச்.எம். என்று குறிக்கப்பட்ட நோயாளி கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையப் பழகியதை உளவியலாளர் பிரெண்டா மில்னர் 1962இல் எழுதினார். நாளுக்கு நாள் பிழை குறைந்தது, முந்தின நாள் வரைந்ததோ அவருக்கு நினைவே இல்லை. ஆல்சைமர் முதலில் அரிப்பது, மூளையில் புது நினைவுகளைப் பதிக்கிற ஹிப்போகாம்பஸையும் அதை ஒட்டிய பகுதியையும். கைப்பழக்கத்தைத் தாங்குகிற இடங்கள் வேறு, அவை பிந்தித்தான் கெடும். வருடாவருடம் பரீட்சையில் பத்து மார்க்குக்குக் கேட்பேன்.

இவ்வளவும் தெரிந்த நான் வீட்டில் செய்தது என்ன? தினமும் காபி டம்ளரை நீட்டும்போதே, “இன்னைக்கு என்ன கிழமைம்மா?” அவள் முகம் சுருங்கும். எங்கே தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று டம்ளரையே பார்ப்பாள். புதன்கிழமை காலையிலும் கேட்டேன். மூளைக்குப் பயிற்சி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் கையில் கொஞ்சம் நாரைக் கொடுத்துப் பார்ப்போம் என்று ஒருநாளும் தோன்றவில்லை. இனி அந்தக் கேள்வி எங்கள் வீட்டில் கிடையாது.

மறுநாள் அம்மாவுக்கு உங்களையும் ஞாபகமில்லை, கடையையும் ஞாபகமில்லை. ஆனால் கிளம்பும்போது நீங்கள் கட்டுக்கூலி என்று கொடுத்த இருபது ரூபாயைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள். எடுத்தால் திட்டுகிறாள். அவள் கட்டிய சரத்தையாவது வாங்கிக்கொள்ளலாம் என்று வியாழக்கிழமை வந்தேன். “அது அப்பவே வித்துப் போச்சுக்கா” என்று சிரித்தீர்கள். பணம் கொடுக்க வந்ததையும் வாங்கிக்கொள்ளவில்லை.

சரி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். உதிரிப்பூவுக்கான காசு என்னுடையது, அதில் பேச்சு வேண்டாம். கூலியை மட்டும் நீங்களே அவள் கையில் கொடுங்கள்.