கொடைக்கானல் ஜெயித்தது, அமெரிக்கர் தோற்றார் என்று எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அங்கே வேலை பார்த்த ஆங்கிலேய வானியலாளர் ஜான் எவர்ஷெட்டுக்கு ஒரு தமிழ்ப் பத்திரிகை முழுப் பக்கம் ஒதுக்குவது லேசில் நடக்கிற காரியமில்லை. அதற்கு முதலில் நன்றி. ஆனால் நடுவில் ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீர்கள். கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தில் இருந்த செயின்ட் ஜான் என்ற அமெரிக்கர் எவர்ஷெட்டின் கண்டுபிடிப்பை ஏற்கவில்லை, ஐன்ஸ்டீனின் கொள்கையும் தவறு என்று அவர் அறிவித்தார், கொடைக்கானல் அவரை முறியடித்தது என்று அதில் இருந்தது. முதல் தகவல் பிழை. இரண்டாவதும் மூன்றாவதும் பாதிக் கதை. வாசகர் கடிதத்துக்கு இது நீளம்தான். வெட்டுவதாக இருந்தால் என்னைப் பற்றி எழுதியிருப்பதை வெட்டுங்கள், செயின்ட் ஜானைப் பற்றி எழுதியிருப்பதை விட்டுவிடுங்கள்.

நான் கோவை கணபதியில் ஒரு ஃபவுண்டரியின் ஸ்பெக்ட்ரோ அறையில் வேலை பார்ப்பவள். உலையிலிருந்து எடுத்து ஊற்றிய சாம்பிளைத் தேய்த்து, ஆர்கான் வாயுவில் ஸ்பார்க் கொடுத்து, வருகிற ஒளியை வைத்து அதில் கார்பன் எவ்வளவு, சிலிக்கான் எவ்வளவு, மாங்கனீஸ் எவ்வளவு என்று சொல்ல வேண்டும். செயின்ட் ஜான் செய்ததும் கிட்டத்தட்ட இந்த வேலைதான். அவருடைய சாம்பிள் மட்டும் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருந்தது. இயற்பியல் படித்த காலத்தில் பாடப் புத்தகத்தின் ஒரு மூலையில் அவர் பெயரைப் பார்த்ததோடு சரி. பழைய அமெரிக்க வானியல் இதழ்களும் கொடைக்கானல் ஆய்வகத்தின் அறிக்கைகளும் இப்போது இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் இந்த மனிதர் எனக்குப் பிடித்துப்போனார்.

சார்லஸ் எட்வர்ட் செயின்ட் ஜான் 1857இல் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்தவர். ஹார்வர்டில் முனைவர் பட்டம், அப்புறம் ஒஹாயோவில் ஓபர்லின் கல்லூரியில் இயற்பியல், வானியல் பேராசிரியர், அங்கேயே டீன். நிம்மதியாக ஓய்வு பெற்றிருக்கலாம். 1908இல், ஐம்பதைத் தாண்டிய வயதில், அதை விட்டுவிட்டு கலிபோர்னியாவில் மவுண்ட் வில்சன் மலைக்குப் போனார். ஜார்ஜ் எல்லரி ஹேல் அந்த ஆய்வகத்தைத் தொடங்கி நாலு வருடம்தான் ஆகியிருந்தது. சூரியக் கரும்புள்ளிகளில் காந்தப்புலம் இருப்பதை ஹேல் கண்டுபிடித்ததும் அதே 1908இல்தான். ஹேல் நிறுவனங்களைக் கட்டுகிறவர், பணம் திரட்டுகிறவர், அவர் வாழ்க்கையைச் சொன்னால் யாரும் உட்கார்ந்து கேட்பார்கள். செயின்ட் ஜான் அப்படியில்லை. அளப்பவர். பார்த்ததையே திரும்பத் திரும்ப அளப்பவர்.

அவர் மலைக்குப் போன அடுத்த ஜனவரியில், 1909இல், இங்கே கொடைக்கானலில் எவர்ஷெட் அந்தப் புகழ்பெற்ற படத்தை எடுத்தார். கரும்புள்ளியின் நடுக் கருமையைச் சுற்றி ஒரு சாம்பல் வளையம் இருக்கும். அந்த வளையத்தில் நிறமாலைக் கோடுகள், அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் ஒவ்வொரு தனிமமும் தன் அடையாளமாக விடும் கோடுகள், ஒரு பக்கம் சிவப்பு நோக்கியும் மறு பக்கம் நீலம் நோக்கியும் சாய்ந்திருந்தன. நம்மை விட்டு விலகும் வாயுவின் கோடு சிவப்புப் பக்கம் நகரும், நம்மை நோக்கி வரும் வாயுவின் கோடு நீலப் பக்கம் நகரும். வாயு புள்ளியிலிருந்து எல்லாப் பக்கமும் வெளியே ஓடுகிறது, வேகம் நொடிக்கு ஏறக்குறைய 2 கிலோமீட்டர் என்று எவர்ஷெட் சொன்னார். இன்றைக்கும் உலகம் முழுக்க இதற்கு எவர்ஷெட் விளைவு என்றே பெயர்.

செயின்ட் ஜான் இதை மறுக்கவே இல்லை. 1913இல் அவர் வெளியிட்ட நீண்ட கட்டுரை எவர்ஷெட்டை உறுதி செய்தது, ஒரு படி மேலேயும் போனது. மங்கலான கோடுகள் சூரிய வளிமண்டலத்தின் அடியிலிருந்து வருபவை, கனமான கோடுகள் மேலடுக்கிலிருந்து வருபவை என்று வைத்துக்கொண்டு ஒவ்வொரு வகையையும் தனித்தனியாக அளந்தார். அடியில் வாயு வேகமாக வெளியே ஓடுகிறது, மேலே போகப் போக அந்த வேகம் குறைகிறது. கால்சியத்தின் மிகக் கனமான கோடுகளுக்கு, அதாவது எல்லாவற்றுக்கும் உச்சியில், ஓட்டம் தலைகீழாகி உள்ளே பாய்கிறது. எவர்ஷெட் கண்ட ஓட்டத்துக்கு ஆழம் என்ற பரிமாணத்தைக் கொடுத்தவர் இவர்தான். ஒருவர் மற்றவரைப் பெயர் சொல்லி மேற்கோள் காட்டித்தான் எழுதியிருக்கிறார்கள். இதில் ஏற்கவில்லை என்ற பேச்சு எங்கிருந்து வந்தது?

இனி ஐன்ஸ்டீன் விஷயம். சூரியனின் ஈர்ப்பிலிருந்து தப்பி வரும் ஒளி கொஞ்சம் ஆற்றலை இழக்கும், அதனால் அதன் கோடுகள் எல்லாம் சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்க வேண்டும் என்றார் ஐன்ஸ்டீன். எவ்வளவு நகரும்? பத்து லட்சத்தில் இரண்டு பங்கு. ஊதா ஓரத்தில் செயின்ட் ஜான் அளந்த கோடுகளுக்கு இது 0.008 ஆங்ஸ்ட்ராம். ஒரு மில்லிமீட்டரைக் கோடிப் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு ஆங்ஸ்ட்ராம், அதிலும் ஆயிரத்தில் எட்டு. அந்தக் கோட்டின் சொந்த அகலமே இந்த நகர்வைப் போலப் பத்து மடங்குக்கு மேல் இருக்கும். இன்றைய கம்ப்யூட்டர் எதுவும் இல்லை. கண்ணாடித் தட்டில் பதிந்த கோட்டை நுண்ணோக்கியின் குறுக்குக் கம்பிக்கு நேராகக் கொண்டுவந்து, திருகாணியைத் திருப்பி, எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

1917இல் அவர் சயனோஜன் வாயுவின் 43 கோடுகளை அளந்தார். சயனோஜனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அழுத்தம் கூடினால் இரும்புக் கோடுகள் நகரும். சயனோஜன் பட்டைக் கோடுகள் அப்படி நகராது. ஆக, அவற்றில் நகர்வு தெரிந்தால் பழியை அழுத்தத்தின் மேல் போட முடியாது. விடை பூஜ்யம் என்று வந்தது. பிழை வரம்புக்குள் ஐன்ஸ்டீன் சொன்ன அளவில் எந்த நகர்வுக்கும் சான்று இல்லை என்று எழுதினார். கவனியுங்கள், கொள்கை பொய் என்று எழுதவில்லை, என் தட்டுகளில் தெரியவில்லை என்றுதான் எழுதினார். இது எவ்வளவு பெரிய இடி என்பது 1919 நவம்பர் 6 அன்று லண்டனில் தெரிந்தது. சூரியனுக்குப் பக்கத்தில் விண்மீன் ஒளி வளைவதைக் காட்டிய கிரகண முடிவுகளை அறிவித்து எல்லோரும் ஐன்ஸ்டீனைக் கொண்டாடிய அந்தக் கூட்டத்திலேயே லுட்விக் சில்பர்ஸ்டீன் என்ற இயற்பியலாளர் எழுந்து, சுவரில் இருந்த நியூட்டன் படத்தைக் காட்டி, செம்பெயர்ச்சி (சிவப்புப் பக்க நகர்வு) இன்னும் கிடைக்கவில்லையே, அவசரப்படாதீர்கள் என்றார். செம்பெயர்ச்சி இல்லையென்றால் என் கொள்கை நிற்காது என்று ஐன்ஸ்டீனே எழுதி வைத்திருந்தார்.

கொடைக்கானலில் அப்போது எவர்ஷெட்டும் அவருடைய சகா தாமஸ் ராய்ட்ஸும் வேறு வகையில் குழம்பிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தட்டுகளில் நகர்வு இருந்தது. ஆனால் சூரிய வட்டின் நடுவில் குறைவு, விளிம்பில் அதிகம். சூரிய வாயு எல்லாப் பக்கமும் பூமியை விட்டு விலகி ஓடுகிறது போன்ற தோற்றம். பூமிக்கே ஏதோ விலக்கும் சக்தி இருக்குமோ என்றுகூட எவர்ஷெட் யோசித்தார். அதைச் சோதிக்க அவர் பிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. வெள்ளிக் கிரகம் நமக்குக் காட்டுவது சூரியனின் பிரதிபலித்த ஒளி, பூமிக்கு முதுகு காட்டும் பக்கத்தின் ஒளியும் அதில் வரும். அதை அளந்து, நகர்வு மாறுகிறது என்றார். இங்கேதான் உங்கள் பெட்டிச் செய்தி மறைத்த பாதி வருகிறது. செயின்ட் ஜானும் மவுண்ட் வில்சன் சகா சேத் நிக்கல்சனும் அதே வெள்ளியை அளந்து, வானில் கிரகம் எவ்வளவு தாழ இருக்கிறது என்பதைப் பொறுத்து அந்த நகர்வு மாறுகிறது என்று 1921இல் காட்டினார்கள். தாழ்ந்த கிரகத்தின் ஒளி கருவியின் பிளவுக்குள் ஒரு சீராக விழாது, கோடு நகர்ந்த மாதிரி தெரியும். பூமி விலக்குகிறது என்ற யோசனை அத்தோடு போயிற்று. இந்த ஒரு விஷயத்தில் அமெரிக்கர் சரி, கொடைக்கானல் தவறு. மறு வருடம் அதே இருவர் வெள்ளியின் ஒளியில் ஆக்சிஜனையும் நீராவியையும் தேடினார்கள், இரண்டும் தென்படவில்லை. வெள்ளியில் காடும் மழையும் இருக்கும் என்று கதை எழுதிக்கொண்டிருந்த காலம் அது.

எங்கள் அறையில் இருக்கிறவர்களுக்கு உறைக்கிற வேலை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சூரியக் கோடு நகர்ந்ததா என்று சொல்ல, நகராத கோடு ஒன்று ஒப்பிடுவதற்கு வேண்டும். அதற்கு இரண்டு இரும்புத் துண்டுகளுக்கு நடுவில் மின்வில் (விடாமல் எரியும் மின்சுடர்) எரித்து அந்தக் கோடுகளைப் பயன்படுத்துவார்கள். செயின்ட் ஜானும் இன்னொரு மவுண்ட் வில்சன் சகா ஹரால்ட் பாப்காக்கும் 1915இல் அந்த வில்லையே சந்தேகப்பட்டார்கள். எதிர்மின் முனைக்குப் பக்கத்தில் எடுத்த ஒளியில் சில இரும்புக் கோடுகள் நடுவில் எடுத்ததைவிட நகர்ந்திருந்தன! அதாவது அளவுகோலே முனைக்கு முனை நீள்கிறது. நீளமான வில்லில், முனைகளைத் தொடாமல், நடுவில் ஒரு சின்னப் பட்டையை மட்டும் எடுக்க வேண்டும் என்ற சர்வதேச விதி இப்படிப்பட்ட அளவீடுகளிலிருந்து வந்ததுதான். நாங்கள் ஸ்டாண்டர்ட் சாம்பிளை ஓட்டிப் பார்க்காமல் ஷிப்டை ஆரம்பிக்க மாட்டோம். அந்தப் பழக்கத்தின் தாத்தாக்கள் இவர்கள்.

1920களில் செம்பெயர்ச்சி பற்றிய செயின்ட் ஜானின் முடிவு மாறியது. அழுத்தம்தான் கோடுகளை நகர்த்துகிறது என்ற பழைய எண்ணத்துக்கு இடமில்லாமல் போயிற்று. கோடுகள் உருவாகும் அடுக்கில் அழுத்தம் மிக மிகக் குறைவு என்பது தெரிய வந்தது. ஆகவே நூற்றுக்கணக்கான இரும்புக் கோடுகளைப் பயமில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். கரும்புள்ளியில் செய்த அதே தந்திரம், உயரம் வாரியாகப் பிரிப்பது. ஆழத்தில் சூடான வாயு மேலே எழும்புகிறது, அதனால் நீல நகர்வு வந்து ஐன்ஸ்டீன் நகர்வின் ஒரு பகுதியைத் தின்றுவிடுகிறது. மேலடுக்கில் அந்த எழுச்சி இல்லை. கழித்துப் பார்த்தால் மீதி ஐன்ஸ்டீன் சொன்ன அளவு. 1923இல் கூட்டத்தில் அறிவித்தார், 1928இல் விரிவாக வெளியிட்டார். வெளியிடும்போது வயது 70க்கு மேல். தன் பெயரில் அச்சில் இருந்த பூஜ்யத்தைத் தானே மாற்றினார். அவரை யாரும் முறியடிக்கவில்லை.

கிரகண வெற்றிக்குப் பிறகு எல்லோரும் ஐன்ஸ்டீன் பக்கம் சாய்ந்தார்கள், இவரும் அந்தக் காற்றில் சாய்ந்தவர்தான் என்று அறிவியல் வரலாறு எழுதுபவர்களில் சிலர் சொல்கிறார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். அடுக்குகளின் கணக்கில் அவர் வைத்த அனுமானங்கள் கொஞ்சம் வசதியானவைதான். சந்தேகமில்லாத சோதனை 1960இல் பவுண்டும் ரெப்காவும் ஹார்வர்டில் 22.5 மீட்டர் உயரத்தில் செய்தபோதுதான் வந்தது. ஆனால் எதிர்பார்ப்பு விடையை இழுக்கும் என்பதை நான் அன்றாடம் பார்க்கிறேன். உலையில் உலோகம் காத்திருக்கும், போனில் கார்பன் ரேஞ்சுக்குள் வந்துவிட்டதா என்று கேட்பார்கள், கேட்கிற தொனியிலேயே விடை இருக்கும். அப்போது இன்னொரு ஸ்பார்க் அடித்துப் பார்க்கிறவரை நான் மதிப்பேன். 1917இல் ஐன்ஸ்டீன் அமெரிக்காவில் யாருக்கும் வேண்டியவர் அல்ல, பூஜ்யம் சொல்வது சுலபம் என்று யாராவது சொல்லலாம். 1919க்குப் பிறகும் நாலு வருடம் பொறுத்து, கோடுகளைக் கூட்டி, வில்லைச் சரிபார்த்து, வெள்ளியை அளந்து அதன் பிறகே வாய் திறந்தார் என்பதற்கு என்ன சொல்வது?

1928இல் இன்னொரு பெரிய வேலையும் வெளிவந்தது. ஹென்றி ரோலண்ட் 1890களில் தொகுத்த சூரிய நிறமாலைப் பட்டியலை, இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கோடுகளோடு, புதிய சர்வதேச அளவையில் திருத்தி வெளியிட்டார்கள். அட்டையில் செயின்ட் ஜானுடன் சார்லட் மூர், லூயிஸ் வேர் என்ற இரண்டு பெண்களின் பெயரும் இருக்கிறது. அந்தக் காலத்தில் பெண்கள் அளந்ததையும் கணக்கிட்டதையும் நன்றி என்று ஒரு வரியில் முடித்துவிடுவது வழக்கம். மூர் பிறகு அணு நிறமாலையில் உலகமே நம்பும் அட்டவணைகளைத் தொகுத்தவர். இந்த வரியைத் தயவுசெய்து வெட்டாதீர்கள்.

செயின்ட் ஜான் 1930இல் ஓய்வு பெற்றார். 1931 ஜனவரியில் ஐன்ஸ்டீன் மவுண்ட் வில்சனுக்கு வந்தபோது 150 அடி சூரியக் கோபுரத்தில் அவருக்குப் பக்கத்தில் நின்றவர்களில் இவரும் ஒருவர், படம் இருக்கிறது. 1935இல் பசடேனாவில் காலமானார்.

இரண்டு ஆய்வகங்களும் எதிரிகள் அல்ல. ஹேல் கண்டுபிடித்த சூரிய நோக்கிக் கருவி ஒன்று 1930களில் மவுண்ட் வில்சனிலிருந்து கொடைக்கானலுக்கே வந்து சேர்ந்தது. கொடைக்கானல் போகிற உங்கள் வாசகர்கள் ஏரியோடு திரும்பிவிடாமல் ஆய்வக அருங்காட்சியகத்துக்கும் போகட்டும். வெயில் இருந்தால் சூரிய நிறமாலையை நேரிலேயே காட்டுகிறார்கள், அதில் இரும்புக் கோடுகளும் உண்டு.

கட்டுரை இன்னும் உங்கள் இணையப் பதிப்பில் இருக்கிறது. அந்தப் பெட்டிச் செய்தியைத் திருத்துங்கள்: 1913இல் எவர்ஷெட்டை உறுதி செய்தார், 1917இல் செம்பெயர்ச்சி தெரியவில்லை என்றார், 1923இல் தெரிகிறது என்றார். மூன்று வரிதான், இடம் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கணபதி, கோயம்புத்தூர்