மூன்றாம் நாளும் பெயின்ட் அப்படியே இருக்கிறதே!

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பழைய பெயின்டைத் துகள் அடித்து உரிக்க விமானத்தை எங்களிடம் விட்டுப்போனவர்கள் மூன்றாம் நாள் எட்டிப் பார்த்தால், பெயின்ட் அப்படியே இருக்கும். உடம்பெல்லாம் டேப்பும் தாளும்தான் கூடியிருக்கும். "இன்னும் ஆரம்பிக்கவே இல்லையா?" என்று கேட்கிறீர்கள். ஆரம்பித்துவிட்டோம். மூடுவதில்தான் பாதி வேலை இருக்கிறது. வேகமும் உயரமும் அளக்கக் காற்றழுத்தத்தை உணரும் பிட்டோ குழாய், ஸ்டாட்டிக் துளைகள், கண்ணாடி, பேரிங், தகடுகளின் இடுக்கு என்று எதற்குள்ளும் துகள் புகக் கூடாது. புகுந்தால் தேடி எடுப்பது பெரும்பாடு.

நாங்கள் காற்றழுத்தத்தில் அடிப்பது மணல் இல்லை, பிளாஸ்டிக் துகள். 1980களில் அமெரிக்க விமானப்படை எஃப்-4 போர் விமானங்களில் சோதித்துப் பார்த்த முறை இது. பெயின்டை இளக்கும் மெத்திலீன் குளோரைடு என்ற ரசாயனம் கலந்த திரவத்தைப் பூசிச் சுரண்டும் அவஸ்தை இதில் இல்லை.

"மென்மையான துகள்தானே, அழுத்தத்தைக் கூட்டிச் சீக்கிரம் முடியுங்களேன்" என்பது அடுத்த கேள்வி. மென்மை என்பது மணலோடு ஒப்பிட்டால்தான். மோஸ் என்ற கடினத்தன்மை அளவில் மணல் 7, எங்கள் துகள் 3 முதல் 4 வரை. சுத்த அலுமினியமோ 3-க்கும் கீழே! பல விமானங்களின் வெளித்தகட்டில் அரிப்பைத் தடுக்கும் மேல்பூச்சே சுத்த அலுமினியம்தான். 1 மில்லிமீட்டர் தகட்டில் அது பக்கத்துக்குச் சுமார் 0.05 மில்லிமீட்டர். அதனால்தான் காற்றழுத்தத்தில் 20 முதல் 40 பிஎஸ்ஐக்குள் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) நிற்கிறோம். துகளைப் பீய்ச்சும் நாசிலை ஒரே இடத்தில் நிறுத்துவதும் இல்லை. மெல்லிய தகடு என்றால் வளைந்தும் போகும். இதில் அவசரத்துக்கு இடமே இல்லை, மன்னிக்கவும்.

ஃபைபர்கிளாஸ், கார்பன் ஃபைபர் பாகங்களில் பெயின்டுக்கு அடியில் இருக்கும் பிரைமர் பூச்சோடு நிறுத்திவிடுவோம். அங்கே திட்டுத்திட்டாகத் தெரிவது அரைகுறை வேலை அல்ல. இழையைத் தொடாமல் விட்டதன் அடையாளம்.

அப்புறம், விரிசல் சோதனை ஏதும் பாக்கி இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். துகள் பட்டு மேல்பரப்பு நசுங்கும்போது நுண்ணிய விரிசலின் வாய் மூடிக்கொள்ளலாம். சாயம் ஊற்றிப் பார்த்தாலும் பிறகு தெரியாது. இதற்கு முன் எத்தனை முறை உரித்தார்கள் என்ற பதிவும் வேண்டும்.

பார்க்க வருகிறவர்கள் முகமூடி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பழைய பிரைமரில் குரோமேட் என்ற நச்சு ரசாயனம் இருக்கும், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. புதுப் பெயின்ட் அடித்தபின் எய்லரான், எலிவேட்டர், ரடர் ஆகிய, விமானத்தைத் திருப்பும் அசையும் தகடுகளின் சமநிலையைச் சரிபார்த்துத்தான் மாட்டுவோம். அதற்கான நாளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பணிமனைக் குழுவினர்