ஊஞ்சல் பலகையும் உலக்கையும் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள ஆசாரி அண்ணனுக்கும், மிருதங்கப் பட்டறை ஐயாவுக்கும், தெற்காவணி மூல வீதித் தம்பிக்கும், முனிச்சாலை பாய்க்கும், அனுப்பானடிப் பெரியம்மாவுக்கும், இந்த வேலையில் கை வைத்த மற்ற எல்லோருக்கும் வணக்கம்.

நாம் எல்லோரும் சேர்ந்து செய்த கிடார் முடிந்துவிட்டது. தந்தி கட்டிய புதிதில் சுருதி இறங்கிக்கொண்டே இருந்தது. நைலான் தந்தி இழுபட்டு நிலைகொள்ளும்வரை அப்படித்தான். இப்போது காலையில் கூட்டிவைத்தால் இரவுவரை நிற்கிறது.

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "எந்த நாட்டிலிருந்து வரவழைத்தீர்கள், டீச்சர்?" மேற்பலகை ஒன்றுதான் கடல் கடந்து வந்தது, மற்றதெல்லாம் நம் பக்கத்து மரம், நம் ஊர்க்காரர்கள் கைவேலை என்று சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. உங்களில் பெரும்பாலானவர்கள் அதற்கு முன் ஒரு கிடாரைக் கையில் எடுத்துப் பார்த்ததுகூட இல்லை. பெயரைப் போட வேண்டாம் என்று எல்லோரும் சொல்லிவிட்டீர்கள், போடவில்லை. ஆனால் யார் என்ன செய்தீர்கள் என்பதை நாலு பேர் அறிய எழுதாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

மரத்திலிருந்து தொடங்குகிறேன். முதுகுப் பலகைக்கும் விலாப் பலகைக்கும் ஈட்டி (ரோஸ்வுட்) மரம் என்பது கிடார் உலகில் நெடுங்கால மரபு. ஒரு காலத்தில் பிரேசில் நாட்டு ஈட்டிக்குத்தான் பெயர். அது அருகிப்போய், 1992இல் அதன் பன்னாட்டு வணிகமே தடுக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1970ஐ ஒட்டி, அமெரிக்காவின் மார்ட்டின் போன்ற பெரிய நிறுவனங்கள் நம் தென்னிந்திய ஈட்டிக்கு மாறிவிட்டன. நம் மலையில் விளைகிற மரம்தான், ஆனாலும் நினைத்தபடி வெட்ட முடியாது. தமிழ்நாட்டில் அது பட்டா நிலத்தில் நின்றாலும் அரசு அனுமதி வேண்டும் என்று பல ஆண்டுகள் சட்டமே இருந்தது. அப்படித்தான் இருக்கவும் வேண்டும். ஈட்டி வயிரம் பாய்ந்து நிற்பதற்குத் தலைமுறைகள் ஆகின்றன.

இதையெல்லாம் எனக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னவர் வனத்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற எங்கள் சித்தப்பா. "புது மரத்தைத் தேடாதே. இடித்த வீட்டு மரத்தைத் தேடு, ரசீது இல்லாமல் வாங்காதே" என்றார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போனேன். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து கழற்றிய தூண்களும் கதவுகளும் குவிந்து கிடக்கும் தெரு அது. அங்கே ஒரு கடையின் பின்கட்டில், சுவரில் சாய்த்து வைத்த ஊஞ்சல் பலகை ஒன்று. நான்கு மூலையிலும் வளையம் மாட்டியிருந்த இடத்தில் இரும்புக் கறை. அடிப்பக்கத்தில் ஒரு விரற்கடை அளவு சுரண்டிப் பார்த்துக்கொள்ளக் கடைக்காரர் அனுமதித்தார். மேலே படிந்திருந்த அழுக்குக்குக் கீழே கருஞ்சிவப்பில் கறுப்பு வரி நேராக ஓடியது, ஈட்டிக்கே உரிய இனிய வாசனையும் வந்தது. கடைக்கார ஐயா, நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்று: "முடித்ததும் ஒரு படம் அனுப்புங்கள், அந்த வீட்டுக்காரர்களுக்குக் காட்ட வேண்டும்." படம் அனுப்பிவிட்டேன். ரசீதில் 'பழைய ஈட்டிப் பலகை' என்று தெளிவாக எழுதிக் கொடுத்ததற்கும், உங்கள் ஆட்களே வேனில் ஏற்றிக் கட்டிக் கொடுத்ததற்கும் நன்றி.

கழுத்துக்கு மகோகனி கொடுத்தது நத்தம் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் அண்ணன். காற்றில் சாய்ந்த மரத்தை அறுத்து, கொட்டகையில் அடுக்கி, பல வருடம் காயவைத்திருந்தார். விலை கேட்டதற்கு மாம்பழக் கூடை ஒன்றையும் சேர்த்துக் கொடுத்து அனுப்பினார். மேற்பலகைக்கான ஸ்புரூஸ் மரம் குளிர் நாட்டு மரம். எடை குறைவு, ஆனால் வரியோடு வளைத்தால் எளிதில் வளையாது. இந்த இரண்டு குணமும் சேர்ந்து அமைவது அரிது. ஜெர்மனியில் இருக்கும் அத்தை மகன் அதைத் தாவர நலச் சான்றிதழோடு வாங்கி அனுப்பினான். அவனுக்கும் நன்றி.

இனி ஆசாரி அண்ணனுக்கு.

அண்ணே, முதல் நாள் வரைபடத்தை நீட்டியபோது, "நிலை, கதவு செய்கிறவனிடம் வந்து இதைக் கேட்கிறீர்களே" என்றீர்கள். ஸ்பெயின் நாட்டு அந்தோனியோ தெ தோரெஸின் கதையைச் சொன்னேன். 1817இல் பிறந்தவர், சிறுவயதிலேயே தச்சு வேலைக்குப் போனவர். இன்று உலகம் முழுவதும் செவ்வியல் கிடாருக்கு இருக்கும் உருவத்தையும், மேற்பலகையின் உட்புறத்தில் விசிறியாக விரியும் ஏழு தாங்கு கட்டைகளையும் நிலைநிறுத்தியது அந்தத் தச்சர்தான். ஒலியை ஆள்வது மேற்பலகையே என்று மெய்ப்பிக்க, 1862இல் முதுகையும் விலாவையும் காகிதக் கூழில் செய்து ஒரு கிடாரையே கட்டிக் காட்டினார். கேட்டுவிட்டு நீங்கள் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் பட்டறைக்கு வந்தபோது இழைப்புளியின் இரும்பைக் கழற்றிச் சாணைக்கல்லில் தீட்டிக்கொண்டிருந்தீர்கள்.

மர அறுவை மில்லில் புதிய மெல்லிய வாளை மாட்டச் சொல்லி, ஊஞ்சல் பலகையை நாலு மில்லிமீட்டர் தகடுகளாக அறுத்து வாங்கி வந்தோம். மரத்தூள் விலை என்ன என்று தெரிந்த மில்காரர் அதற்காகவே அரை நாள் ஒதுக்கினார், அவருக்குத் தனியாக ஒரு கும்பிடு. அடுத்தடுத்து அறுத்த இரண்டு தகடுகளை விரித்து ஒட்டினால் இடப்பக்க வரி அப்படியே வலப்பக்கத்தில் கண்ணாடிப் பிம்பமாக வரும். அந்த ஒட்டு, கிடாரின் முழு நீளத்துக்கும் நடுவில் ஓடுவது. இரண்டு விளிம்புகளையும் ஒன்றின் மேல் ஒன்று நிறுத்தி ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பீர்கள். எங்காவது மயிரிழை வெளிச்சம் தெரிந்தால் மறுபடி ஒரு சீவல். என் கண்ணுக்கே தெரியாத வெளிச்சம் உங்களுக்குத் தெரிந்தது. கடைசியில் இழைப்புளியிலிருந்து வந்த சீவல், முனையிலிருந்து முனைவரை அறுபடாமல் ஒரே சுருளாக வந்தது. "இப்போது ஒட்டலாம்" என்றீர்கள்.

ஒட்டியது வஜ்ஜிரத்தால், அதாவது விலங்குத் தோலிலிருந்து எடுக்கும் பசையால். ஃபெவிகால் வந்த பிறகு நம் பட்டறைகளில் யாரும் வஜ்ஜிரம் காய்ச்சுவதில்லை. உங்கள் தகப்பனார் காய்ச்சிய பக்குவத்தை நினைவிலிருந்து எடுத்தீர்கள்: முதல் நாளே தண்ணீரில் ஊறவைத்து, நேரடியாக நெருப்பில் வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குவது, கொதிக்கவிடாமல் இருப்பது. நான் வெப்பமானியை விட்டுப் பார்த்தால் அறுபது டிகிரியை ஒட்டி நின்றது. வெளிநாட்டுக் கிடார்த் தச்சர்கள் சொல்லும் கணக்கும் அதுதான். பிற்காலத்தில் பழுது பார்க்க வேண்டியிருந்தால் சூடும் ஈரமும் காட்டி இந்தப் பசையைப் பிரிக்க முடியும். இன்னும் ஐம்பது வருடம் கழித்து யாரோ ஒரு தச்சர் இதைத் திறக்கும்போது உங்களை வாழ்த்துவார்.

விலாப் பலகையை வளைக்கக் கனத்த இரும்புக் குழாயை நீள்வட்டமாக நசுக்கிக் கொடுத்த லேத் பட்டறைத் தம்பிகளுக்கும் நன்றி. உள்ளே நெருப்பு, வெளியே ஈரப்படுத்திய இரண்டு மில்லிமீட்டர் ஈட்டித் தகடு. தோசைக்கல்லில் தெளிப்பது போலத் தண்ணீர் தெளித்து, துளி உருண்டு ஓடினால்தான் தகட்டை வைப்போம். அவசரப்படுத்தினால் முறியும், சும்மா சாய்த்துப் பிடித்திருந்தால் சட்டென்று ஒரு கணத்தில் மரம் இளகிக் கொடுக்கும். ஈட்டித் தூள் மூச்சுக்கும் தோலுக்கும் ஆகாது என்று நான் ஓயாமல் சொன்னதைக் கேட்டு முகக்கவசத்தை மாட்டிக்கொண்டே வேலை செய்தீர்களே, அதற்கும் சேர்த்து.

மிருதங்கப் பட்டறை ஐயாவைப் பற்றி எழுதும்போது கொஞ்சம் நிதானிக்க வேண்டியிருக்கிறது.

ஐயா, மேற்பலகையை எவ்வளவு மெல்லியதாக இழைக்கலாம் என்பதுதான் கிடாரில் எல்லாவற்றிலும் பெரிய கேள்வி. கனமாக விட்டால் ஊமையாகும், அளவு மீறிச் சீவினால் தந்தியின் இழுப்புக்குத் தாங்காது. புத்தகம் இரண்டரை மில்லிமீட்டரை ஒட்டி ஒரு எண்ணைச் சொல்லும். ஆனால் ஒரு மரம் போல இன்னொரு மரம் இல்லை. நான் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறவள். மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலான வலந்தலையின் நடுவில் இருக்கும் கரணை என்ற கறுப்பு வட்டத்தால்தான் அதன் மேல்சுரங்கள் ஒத்திசைந்து நிற்கின்றன என்பதைச் சர் சி. வி. ராமன் ஆராய்ந்து 1934இல் விரிவாக எழுதியதை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அந்தக் கரணையைக் கிட்டாங்கல் பொடியும் சோறும் பிசைந்து, பூச்சுப் பூச்சாக ஏற்றித் தேய்த்து, ஒவ்வொரு பூச்சுக்கும் தட்டிக் கேட்கிற காது உங்களுடையது. அதனால்தான் பலகையைத் தூக்கிக்கொண்டு உங்களிடம் வந்தேன்.

"பலா மரத்தில் செய்திருக்கலாமே" என்றுதான் முதலில் கேட்டீர்கள். வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பலாவை அறிந்தவர் வேறெப்படிக் கேட்பார்? ஸ்புரூஸ் பலகையைக் கையில் கொடுத்தேன். எடையைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினீர்கள். மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே இரண்டு விரலால் தொங்கவிட்டுப் பிடித்து, நடுவில் விரல் கணுவால் தட்டினீர்கள். அப்போது கேட்டது வெறும் மரச் சத்தம். ஆசாரி அண்ணன் சீவினார், நீங்கள் தட்டினீர்கள். ஒலி மெல்ல மெல்லத் தாழ்ந்து, நீண்டு, கார்வை பிடிக்கத் தொடங்கியது. பட்டறையில் வார் பிடித்துக்கொண்டிருந்த பையன்கள்கூட வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். தந்திப் பாலம் உட்காரும் இடத்துக்கு இருபுறமும் விளிம்பை நகத்தால் கீறிக் காட்டி, "இங்கே மட்டும் இன்னும் ஒரு சீவல்" என்றீர்கள். அதற்குப் பிறகு தட்டிவிட்டு, பலகையை என்னிடம் நீட்டி, "போதும், இனி யாரும் தொடக் கூடாது" என்றீர்கள். அளவுக்கருவியை வைத்துப் பார்த்தேன். நடுவில் 2.6, விளிம்பில் 2.2. எந்த எண்ணையும் பார்க்காமல் நீங்கள் வந்து சேர்ந்த இடம் அது. இந்தக் கிடாரின் குரல் உங்கள் காதில்தான் முடிவானது, ஐயா. கூலி வேண்டாம் என்று சொல்லி, ஒலித்துளையைச் சுற்றிப் பதிக்க மஞ்சள் பலாச் சில்லுகளையும் பொட்டலம் கட்டிக் கொடுத்தீர்கள். ஸ்புரூஸ் பலகையில் அந்த மஞ்சள் வளையம் அழகாக அமைந்திருக்கிறது.

கழுத்தின் மேல் விரல் அழுத்தும் விரல்பலகைக்குக் கருங்காலி வேண்டும். கருங்காலி என்றாலே மாலை என்று ஆகிவிட்ட காலம் இது. உண்மையான, அகலமான துண்டு எங்கேயும் அகப்படவில்லை. அனுப்பானடிப் பெரியம்மா, உங்கள் மாமியார் காலத்து உலக்கையை எடுத்துக்கொள் என்று நீங்களாகச் சொன்னீர்கள். நான் தயங்கி நின்றபோது, "மாவு இடிக்கிறவர்கள் இனி யார் இருக்கிறார்கள்? மூலையில் நிற்பதற்குப் பதிலாக உன்னிடம் இருக்கட்டும்" என்றீர்கள். பூணைக் கழற்றியபோது உள்ளே தவிட்டுத் தூள் இறுகியிருந்தது. நடுக்குருத்தை விலக்கி, ஒரு பக்கமாக எட்டு மில்லிமீட்டர் பலகை எடுத்தோம். மிச்சத் துண்டை வாளித் தண்ணீரில் போட்டதும் கல்லாக மூழ்கிவிட்டது, நான் தேடியதும் அந்த வயிரத்தைத்தான்.

அதில் சுரங்களைப் பிரிக்கும் மெட்டுக் கம்பிகளுக்கு இடம் குறித்தவர் தெற்காவணி மூல வீதியில் நகை வேலை செய்யும் தம்பி. தந்தியின் நீளம் 650 மில்லிமீட்டர். அதை 17.817ஆல் வகுத்தால் முதல் மெட்டு 36.48இல் விழும், மீதியை அதே எண்ணால் வகுக்க அடுத்தது, பன்னிரண்டாவது சரியாக 325இல் வர வேண்டும். கணக்கை நான் போட்டேன். ஆனால் கறுப்பு மரத்தில் பென்சில் கோடு தெரியாது. தம்பி, நீங்கள் பலகைக்குச் சுண்ணாம்பு பூசி, கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, எஃகு ஊசியால் பத்தொன்பது கோடும் கீறினீர்கள். அடைப்புக் கட்டை வைத்து அறுத்தது ஆசாரி அண்ணன். செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த ஜெர்மன் சில்வர் கம்பிகளை அடித்து இறக்கியதும், முனைகளை நகை அரத்தால் உருட்டி மழுக்கியதும் மறுபடி நீங்கள். இன்று விரலை மேலும் கீழும் ஓட்டினால் எங்கும் குத்துவதில்லை. தாலிக்கு வேலை செய்கிற அதே கவனம்.

பெட்டியை மூடியது எங்கே என்று சொல்லியாக வேண்டும். ஐப்பசி ஈரத்தில் ஒட்டினால் மரம் உப்பிய நிலையில் மாட்டிக்கொள்ளும், பிறகு சித்திரை வெயிலில் சுருங்கும்போது வெடிக்கும். காற்றின் ஈரப்பதம் ஐம்பது விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். கணினி மையம் நடத்தும் தங்கை தன் குளிர்சாதன அறையின் ஒரு மேசையைக் காலி செய்து கொடுத்தாள். டைப்பிங் வகுப்புப் பிள்ளைகள் கிளாம்புகளுக்கு நடுவே உட்கார்ந்து படித்தார்கள்.

முனிச்சாலை பாய், அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப் பொட்டணத்தால் வட்டம் வட்டமாகத் தேய்த்து ஏற்றும் பிரெஞ்சு பாலிஷை நீங்கள் பீரோவுக்கும் கட்டிலுக்கும் போட்டுப் பழகியவர். அதையே இங்கே பாதிக் கனத்தில் போட வேண்டும் என்று நான் கேட்டதும், "பளபளப்பு குறையும், பரவாயில்லையா?" என்றீர்கள். குறையவில்லை, பாய். நோன்பு நாட்களிலும் மாலைவரை நின்று தேய்த்தீர்கள். ஈட்டியின் கறுப்பு வரிகள் ஆழத்திலிருந்து எழுந்து வருவதை நான் உங்கள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

வரும் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குத் திருநகர் வீட்டில் எல்லோரும் ஒருமுறை கேட்க வேண்டும். குடும்பத்தோடு வாருங்கள், சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஆசாரி அண்ணனின் மகள் வாசிக்கக் கற்றுக்கொள்ள ஆசைப்படுவதாகச் சொன்னாள், அவளை முன்வரிசையில் உட்கார வைக்கிறேன். ஊஞ்சல் பலகையில் இன்னொரு கிடாருக்கு ஈட்டி மீதம் இருக்கிறது. அச்சுப் பலகையும் வளைக்கும் குழாயும் திண்ணையில்தான் இருக்கின்றன. நம் ஊரில் யார் செய்ய விரும்பினாலும் வந்து எடுத்துச் செல்லலாம்.

மிகுந்த அன்போடும் கடனோடும்,
உங்கள் டீச்சர்
திருநகர், மதுரை