'நரம்பு மாத்திரை' என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

திண்டுக்கல் பக்கம் ஒரு மருந்துக்கடையில் 20 வருடமாக மருந்தாளுநராக இருக்கிறேன். டாக்டர் எழுதும் சீட்டை அடுத்துப் படிப்பவன் நான்தான் என்பதால், குடும்ப டாக்டர்கள் எழுதும் மனநல மருந்துகளைப் பற்றி இதை எழுதுகிறேன்.

எங்கள் கடைக்கு மாதம் தவறாமல் ஓர் அம்மா வருவார். கணவர் இறந்தபோது தூக்கமில்லாமல் தவித்தவருக்குக் குடும்ப டாக்டர் அல்பிரசோலம் என்ற, பதற்றத்தைத் தணித்துத் தூக்கம் தரும் மாத்திரையை எழுதினார். பொதுவாக இரண்டு, மூன்று வாரம், மிஞ்சினால் நான்கு வாரம் கொடுக்க வேண்டிய மாத்திரை. நான்கு வருடமாகியும் சீட்டில் அதே வரி வந்துகொண்டிருந்தது. போன தீபாவளிக்கு மகள் வீட்டுக்குப் போனவர் மாத்திரையை மறந்துவிட்டார். மூன்று நாள் கைநடுக்கம், படபடப்பு. "வியாதி திரும்பிருச்சுப்பா" என்று அழுதார். மாத்திரையைச் சட்டென்று நிறுத்தியதால் வந்த கோளாறு அது. சிலருக்கு வலிப்புகூட வரும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். அவருக்குச் சொல்லப்பட்டதோ, 'நரம்புக்கு மாத்திரை' என்பது மட்டுமே.

இதற்கு நேர்மாறாக, மனச்சோர்வுக்கு எஸ்சிடலோபிராம் என்ற மாத்திரை வாங்கிப்போன ஒரு கல்லூரி மாணவர் ஐந்தாம் நாளே மீதி அட்டையைத் திருப்பித் தர வந்தார். "குமட்டுது, மனசும் அப்படியேதான் இருக்கு" என்றார். அந்த மருந்து பலன் காட்டவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், குமட்டல் பெரும்பாலும் சில நாளில் அடங்கிவிடும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

டாக்டர்களின் நிலைமையும் எனக்குத் தெரியும். சாயங்காலம் வெளியே நாற்பது பேர் டோக்கனோடு உட்கார்ந்திருப்பார்கள். எம்.பி.பி.எஸ். படிப்பில் மனநலத்துக்குத் தனித் தேர்வும் கிடையாது. சரி, மனநல மருத்துவரிடம் அனுப்பலாமே என்றால், பலர் போவதே இல்லை. மனநலப் பாதிப்பு உள்ளவர்களில், நோயைப் பொறுத்து, 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சை இல்லாமல் இருப்பதாக 2015-16 தேசிய மனநல ஆய்வு சொன்னது. அவர்கள் கூச்சமில்லாமல் ஏறும் படி குடும்ப டாக்டரின் கிளினிக்தான்.

மாவட்ட மனநலத் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்களுக்குத் தரும் பயிற்சியைத் தனியார் குடும்ப டாக்டர்களுக்கும் அரசு தர வேண்டும். நாலைந்து கிளினிக்குகள் சேர்ந்து, பயிற்சி பெற்ற ஓர் ஆலோசகரை வாரம் இரண்டு நாள் உட்கார வைக்கலாம். சீட்டில் மருந்தின் பெயரோடு 'எதுவரை' என்பதையும் எழுத வேண்டும். 14416 என்ற டெலிமானஸ் எண்ணை (அரசின் தொலைபேசி மனநல ஆலோசனை) ஒரு முத்திரையாகக் குத்திக் கொடுத்தால்கூடப் போதும். இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம்.

அல்பிரசோலம் போன்ற மருந்துகளை யார் எழுதினார், யார் வாங்கினார், எத்தனை என்று 2014 முதல் தனிப் பதிவேட்டில் எழுதி, மூன்று வருடம் பாதுகாக்கிறோம். மாதக்கணக்கில் ஒரே பெயர் வந்தால் டாக்டருக்குத் தெரிவிக்கும் பொறுப்பையும் எங்களுக்குக் கொடுங்கள், மனதாரச் செய்வோம்.

அந்த அம்மாவைப் பற்றி டாக்டரிடம் நானே போய்ப் பேசினேன். அவர் கோபப்படவில்லை. அந்த அம்மாவைக் கூப்பிட்டு அரைமணி நேரம் பேசினாராம். இந்த மாதச் சீட்டில் அரை மாத்திரை என்று இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
திண்டுக்கல் மாவட்டம்.