ஏலத்துக்கு அனுப்பும் முன்

ஆசிரியருக்கு வணக்கம். விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் உள்ளிட்ட வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டதன் விளைவுகள் பற்றிய தங்கள் செய்தி, புதிய கணினி வாங்குவது ஒன்றே வழி என்ற எண்ணத்தை ஏற்படுத்துகிறது. டிபிஎம் 2.0 என்ற வன்பொருள் பாதுகாப்பு வசதி இல்லாததால் விண்டோஸ் 11-ஐ ஏற்க முடியாத கணினிகள் பலவும் பழுதடைந்தவை அல்ல. மென்பொருள் உரிமம் வழங்கும் நிறுவனத்தின் முடிவால்தான் அவை காலாவதியாகின்றன. எங்கள் ஊர் நூலகத்தில் இவ்வாறு ஒதுக்கப்பட்ட கணினி ஒன்றில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவிய பிறகு, தமிழ்த் தட்டச்சு முதல் தேர்வு விண்ணப்பம் வரை அனைத்தும் நடக்கின்றன (அச்சுப்பொறி மட்டும் சற்று முரண்டு பிடித்தது).

கேரள அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாகக் லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருளை (எவரும் பயன்படுத்தவும் மாற்றியமைக்கவும் உரிமை உள்ளதை) பயன்படுத்தி வருகின்றன. நம் அரசு அலுவலகங்களும் பழைய கணினிகளை ஏலத்துக்கு அனுப்பும் முன் லினக்ஸ் நிறுவிச் சோதிப்பதை விதியாக்க வேண்டும்.

- வாசகர், திண்டுக்கல்